கண்ணால் கண்ட சாட்சி

இயற்பியல், இரண்டாம் ஆண்டு

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது நம் முன்னோர் மொழி. பள்ளிக்கூடத்தில் இதைக் கட்டுரையின் முதல் வரியாக எழுதி எத்தனையோ முறை மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். காதால் கேட்டது பொய்யாகலாம், ஒப்புக்கொள்ளலாம். கண்ணால் கண்டது எப்படிப் பொய்யாகும் என்று மட்டும் ஒருநாளும் யோசித்ததில்லை. சென்ற ஆண்டு ஒரு மாலையில், ஒரு ரயில்வே கேட்டின் அருகே நடந்த மோட்டார் சைக்கிள் விபத்துக்கு நான் சாட்சியானேன். அதன் பிறகுதான் யோசிக்க நேர்ந்தது. அந்த யோசனையையும், அதற்காகத் தேடிப் படித்தவற்றையும், நம் வகுப்பில் கற்ற ஓரிரு சமன்பாடுகளையும் சேர்த்து இக்கட்டுரையை எழுதுகிறேன். கணக்கைக் கண்டு அஞ்சும் கலைப்பிரிவு நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்; பெருக்கலும் வகுத்தலும் வர்க்கமூலமும் தவிர வேறொன்றும் இதில் இல்லை.

என் ஊர் ஆலத்தியூர். செந்துறைப் பக்கத்தை அறிந்தவர்களுக்கு எங்கள் சாலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல் பூமி, கல் ஏற்றிய லாரியும் சிமெண்ட் ஏற்றிய லாரியும் இரவும் பகலும் ஓடும். அவற்றுக்கு இடையில்தான் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிளும், கொல்லைக்குப் போகிறவர்களின் மொபெட்டும், கட்டட வேலைக்குப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிளும் ஓட வேண்டும். கேட் போட்டுவிட்டால் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். சற்று நேரத்தில் பொறுமையிழந்த சிலர் வலப்பக்கம் ஏறி இரண்டாவது வரிசை ஒன்றை உண்டாக்குவார்கள். இந்த இரண்டு வரிசைக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் சந்து இருக்கும். அதன் வழியே மோட்டார் சைக்கிள்கள் முன்னே போய்க்கொண்டிருக்கும். ‘நடுவுல பூந்து போறது’ என்று எங்கள் பக்கம் சொல்வார்கள்.

இப்படிப் போவது சரியா தவறா என்ற கேள்வி உலகம் முழுவதும் இருக்கிறது. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், முந்துவதானால் வலப்பக்கமாக முந்த வேண்டும், தடக்கோடு உள்ள சாலையில் தடத்திற்குள் ஓட்ட வேண்டும் என்கின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலமோ நின்ற அல்லது மெதுவாக ஊரும் வண்டிகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிள் செல்வதை 2016இல் சட்டமியற்றி ஏற்றுக்கொண்டது. 2017 தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் அம்மாநிலத்தில் விபத்தில் சிக்கிய 5,969 மோட்டார் சைக்கிள் ஓட்டிகளை ஆராய்ந்து 2015இல் அறிக்கை தந்தார்கள். அவர்களில் 997 பேர் விபத்தின்போது நடுவே புகுந்து சென்றவர்கள். இறந்தவர் விகிதம் நடுவே சென்றவர்களில் 1.2 விழுக்காடு, மற்றவர்களில் 3 விழுக்காடு. சுற்றியுள்ள வண்டிகளைவிட மணிக்கு 15 மைலுக்கு மேல் வேகம் கூடாமல் செல்பவருக்கு ஆபத்து பெரிதும் அதிகரிப்பதில்லை என்பதும் அவர்கள் கண்டது. அந்நாட்டுச் சாலை வேறு, நம் சாலை வேறு. ஆனால் ‘நடுவே புகுந்தான்’ என்பது ஒன்று, ‘வேகமாகப் புகுந்தான்’ என்பது வேறொன்று என்ற பாகுபாட்டை நான் முதன்முதலில் அங்கேதான் கண்டேன். நான் சாட்சி சொன்ன அன்று எனக்கு அந்தப் பாகுபாடு தெரியாது.

நடந்தது இதுதான். கல்லூரி முடிந்து பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். கேட் போட்டிருந்தது. பேருந்து நின்றதும் பலரைப் போல நானும் இறங்கி, சாலையின் இடப்புறமிருந்த டீக்கடையில் ஒரு டீ வாங்கினேன். பேருந்துக்கு முன்னால் ஒரு சரக்கு வேன். அதற்கும் முன்னால் லாரிகள். வண்டி ஒன்று கடந்தது, கேட் திறந்தது, எஞ்சின்கள் உறுமின. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேருந்துக்கு ஓடலாம் என்று திரும்பும்போது ஒரு மோட்டார் சைக்கிளின் அலறலும், அதை அடுத்துப் ‘படார்’ என்ற ஓசையும் கேட்டன. பேருந்தைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். சரக்கு வேன் வலப்பக்கத்து மண்பாதையை நோக்கிக் குறுக்காகத் திரும்பி நின்றது. அதன் வலக் கதவு ஓரமாக மோட்டார் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. ஓட்டி வந்தவர் இருபத்தைந்து வயது இருக்கும் ஒரு கொத்தனார். வலக்கால் மடங்கிய விதமே பார்க்கச் சகிக்கவில்லை. தலைக்கவசம் கழன்று பேருந்தின் முன்சக்கரத்தருகே உருண்டிருந்தது. தார்ச்சாலையெங்கும் அவித்த வேர்க்கடலை சிதறிக் கிடந்தது. அதை மிதித்துக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள், நானுந்தான்.

அவரை ஒரு காரில் ஏற்றி அனுப்பிய பின் காவலர்கள் வந்தார்கள். கூட்டத்தில் யாரோ என்னைக் காட்டி, “இந்தத் தம்பி காலேஜ்ல படிக்குது, இது பார்த்திச்சு” என்றார்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். என் தந்தைக்குக் கையெழுத்துப் போட மட்டுந்தான் தெரியும். அத்தனை பெரியவர்கள் நிற்கும் இடத்தில் என்னை முன்னே தள்ளி ஒரு தலைமைக் காவலர், “சொல்லு தம்பி, எவ்வளவு வேகத்துல வந்து மோதினான்?” என்று கேட்டபோது, பெருமையாக இருந்ததை மறைக்க மாட்டேன். “அறுபது எழுபது இருக்கும் சார். நடுவுல பூந்து வேகமா வந்து வேன்ல மோதிட்டாரு” என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

நான் பொய் சொல்லவில்லை. அப்போது கண்ணை மூடினால், அந்த மோட்டார் சைக்கிள் சந்துக்குள் சீறி வருவதும், வேனில் மோதுவதும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் நான் நின்றது பேருந்துக்கு இந்தப் பக்கம். விபத்து நடந்தது பேருந்துக்கு அந்தப் பக்கம். முப்பது பேர் உட்காரும் தகரச் சுவர் ஒன்று நடுவே நிற்கையில் நான் எதைக் கொண்டு பார்த்தேன்?

இந்தக் கேள்வி எனக்கு அன்றே எழவில்லை என்பதுதான் வெட்கம். ஏழெட்டு மாதம் கழித்து அந்தக் கொத்தனாரின் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகே எழுந்தது. தம்பிக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்து கம்பி வைத்திருப்பதாகவும், நடக்கிறானே தவிரச் சாரம் ஏற முடியாது என்றும் சொன்னார். இழப்பீட்டு வழக்குப் போட்டிருக்கிறார்கள். எதிர்த்தரப்பில் குற்றம் முழுவதும் மோட்டார் சைக்கிள்காரருடையது, வேண்டுமானால் பாதி என்று வாதிடுகிறார்களாம். அடிபட்டவருக்கோ அன்றைய மாலையே நினைவில் இல்லை. தலையில் அடிபட்டோருக்கு விபத்துக்குச் சற்று முந்திய நேரமும் சேர்ந்து மறந்துபோவது வழக்கமாக நேர்வது. அண்ணன் என்னைக் கடிந்துகொள்ள வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “தம்பி, நீங்கதான் நேர்ல பார்த்தவருன்னு சொன்னாங்க. நெசமாவே அவ்வளவு வேகமாத்தான் வந்தானா?” என்று மட்டும் கேட்டார். நான் “ஆமாண்ணே” என்று சொல்ல வாயெடுத்தேன். சொல் வரவில்லை.

அதன் பிறகு தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் கிடைத்தது 1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்னும் இரு உளவியலார் அமெரிக்காவில் செய்த சோதனை. மாணவர்கள் 45 பேருக்குக் கார் விபத்துப் படங்களைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் சென்றன என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரே ஒரு சொல்லை மட்டும் குழுவுக்குக் குழு மாற்றினார்கள். ‘நொறுங்க மோதிக்கொண்டபோது’ என்ற பொருள் தரும் சொல்லால் கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40.8 மைல் என்றார்கள். ‘தொட்டுக்கொண்டபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் 31.8 மைல் என்றார்கள். படம் ஒன்றே, கண்ணும் ஒரே வகைக் கண்ணே. வினைச்சொல் ஒன்று மணிக்கு 9 மைல் வேகத்தைக் கூட்டிவிட்டது. அடுத்த சோதனை இன்னும் விந்தையானது. ஒரு வாரம் கழித்து, ‘உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?’ என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடி எதுவுமே இல்லை. ‘நொறுங்க மோதிய’ என்று கேட்கப்பட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். சாதாரணச் சொல்லால் கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர். கேள்வி விடையை மட்டும் மாற்றவில்லை, நினைவையே மாற்றிவிட்டது.

நம் தமிழில் இதற்கு எத்தனை வினைகள்! மோதினான், இடித்தான், முட்டினான், உரசினான், பட்டது, தட்டிவிட்டது. ‘வந்து மோதினான்’ என்றால் ஓட்டியவன் எழுவாய், வேன் சும்மா நின்றது. ‘வேன் திரும்பி இடித்தது’ என்றால் அதே விபத்து வேறு விபத்தாகிவிடும். தலைமைக் காவலர் வேண்டுமென்றே அப்படிக் கேட்டதாக நான் நினைக்கவில்லை. அவரும் குறுக்கே நின்ற வேனையும் சாய்ந்து கிடந்த மோட்டார் சைக்கிளையும் பார்த்துவிட்டு நாம் எல்லோரும் பேசுவது போலவே பேசினார். அந்தச் சொல் என் விடைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது.

இரண்டாவது, ஓசை. அந்த மோட்டார் சைக்கிளின் சைலன்சர் ஓட்டை. ஓட்டை சைலன்சர் வைத்த வண்டி நின்ற இடத்திலேயே நூறு மைல் வேகத்தில் கத்தும். ஓசைக்கும் வேகத்திற்கும் நம் மனம் போடும் முடிச்சு மிக உறுதியானது. ஓடும் காரின் படத்தில் எஞ்சின் ஓசையைக் குறைத்துக் காட்டினாலே பார்ப்பவர்கள் அதன் வேகத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது சோதனையில் கண்டது. சாலை விபத்துச் சாட்சிகளில் பெரும்பாலோர் என்னைப் போன்றவர்கள்தாமே? ஓசை கேட்ட பின் திரும்புகிறோம். திரும்பும்போது விபத்து முடிந்துவிட்டது. கிடக்கும் வண்டியையும் இரத்தத்தையும் பார்த்து, முன்னால் நடந்திருக்க வேண்டியதை மனமே வரைந்து, அதையும் ‘பார்த்தது’ என்ற கணக்கில் எழுதிக்கொள்கிறது.

மோட்டார் சைக்கிள் விபத்துகளைப் பற்றி ஹாரி ஹர்ட் என்ற பேராசிரியர் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் செய்த ஆய்வு 1981இல் வெளிவந்தது. 900 விபத்துகளை நடந்த இடத்துக்கே போய், தடம் அளந்து, வண்டிகளைச் சோதித்து எழுதிய அறிக்கை அது. விபத்துக்குச் சற்று முன் மோட்டார் சைக்கிள்களின் இடைநிலை வேகம் மணிக்கு 29.8 மைல், அதாவது சுமார் 48 கிலோமீட்டர். மோதும் கணத்தில் 21.5 மைல், சுமார் 35 கிலோமீட்டர். வேறொரு வண்டியோடு மோதிய விபத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில், மற்ற வண்டிதான் வழிவிட வேண்டிய இடத்தில் வழிவிடாமல் குறுக்கே வந்தது. அப்படி வந்தவர்கள் பெரும்பாலும் சொன்ன காரணம், ‘மோட்டார் சைக்கிளை நான் பார்க்கவே இல்லை’ என்பதே.

வேன் ஓட்டுநரும் அன்று அதைத்தான் சொன்னார். “கண்ணாடியில பார்த்துட்டுத்தான் சார் திரும்பினேன், திடீர்னு வந்துட்டான்.” அவரைப் பொய்யர் என்று நான் சொல்ல மாட்டேன். இங்கே நம் இயற்பியல் சிறிது உதவும்.

நம்மை நோக்கி வரும் ஒரு பொருள் கண்ணில் உண்டாக்கும் கோணம், அதன் அகலத்தைத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது. பொருள் நெருங்க நெருங்க அக்கோணம் விரியும். அது விரியும் வேகத்தைக் கொண்டுதான் ‘வருகிறது’ என்று கண் அறிகிறது. அந்த விரிவு வேகம், அகலத்தையும் திசைவேகத்தையும் பெருக்கித் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும். வினாடிக்குச் சுமார் 0.003 ரேடியனுக்குக் கீழே இருந்தால் கண் அதை உணர்வதில்லை என்று ஆய்வாளர்கள் வழக்கமாகக் கொள்கிறார்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு லாரி வருகிறது, அகலம் 2.5 மீட்டர். கணக்கிட்டால் சுமார் 118 மீட்டரிலேயே அது விரிவது தெரியும். வந்துசேர 7 வினாடி இருக்கிறது. அதே வேகத்தில் 0.8 மீட்டர் அகலமுள்ள மோட்டார் சைக்கிள் சுமார் 67 மீட்டரில்தான் தெரியும். மிஞ்சுவது 4 வினாடி. அதுவரை ஒரு புள்ளி போல அசையாதிருந்தது, பிறகு சட்டென்று ஊதிப் பெருக்கும். ‘திடீரென்று வந்தான்’ என்று ஓட்டுநர் உணர்வது இதைத்தான். வண்டியின் பக்கக் கண்ணாடி குவிந்ததாக இருந்தால் உருவம் இன்னும் சிறுத்து, இன்னும் தள்ளித் தோன்றும் என்பது பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். ஆக, ‘திடீரென்று வந்தான்’ என்பது பார்த்தவர் கண்ணைப் பற்றிய செய்தி. வந்தவர் வேகத்தைப் பற்றிய செய்தியாக அதை எடுத்துக்கொள்வது பிழை.

மூன்றாவதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும். அது முன்முடிவு. அன்றும் மறுநாளும் டீக்கடையில் பேசியவர்களுக்கு விபத்தைப் பற்றி ஐயமே இல்லை. “இந்த வயசுப் பயலுவளே இப்படித்தான்.” “போன் பேசிக்கிட்டே வந்தான்.” “சாயங்காலமில்ல, ஊத்தியிருப்பான்.” அவர் எந்தத் தெரு என்று விசாரித்து அறிந்ததும் ஒருவர் மேலும் ஒரு சொல் சொன்னார், அதை நான் இங்கே எழுதவில்லை. மூன்றாம் நாள் ஒருவர், “ஹெல்மெட்டும் போடல” என்றார். நானும் தலையாட்டினேன். பேருந்துச் சக்கரத்தருகே தலைக்கவசம் உருண்டதை என் கண்ணாலேயே பார்த்திருந்தும் தலையாட்டினேன்! அதே சந்தில் அதே கேட்டில் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் ஸ்கூட்டரில் புகுந்து போனால் அதற்குப் பெயர் சாமர்த்தியம். அவசரமானால் நம்மில் யார்தான் புகவில்லை? மோட்டார் சைக்கிள் உரிமமும் வைத்திருக்கும் கார் ஓட்டுநர்கள், மோட்டார் சைக்கிளோடு நேரும் விபத்துகளுக்குக் காரணமாவது குறைவு என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 2006இல் எழுதியிருக்கிறார்கள். தானும் ஓட்டுகிறவன் கண்ணுக்கு அது தெரிகிறது போலும்.

2022இல் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். ரயில் விபத்தானால் விசாரணை நடத்தச் சட்டமே இருக்கிறது. 1956 நவம்பர் 23 அன்று அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் நேர்ந்த ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி அமைச்சர் பதவியையே துறந்தார். தனியாளாக ஒரு கொத்தனார் சாலையில் விழுந்தால் அங்கே நிற்கிற நான்கு பேரின் வாய்தான் விசாரணைக் குழு.

சட்டம் என்ன சொல்கிறது என்று அறிய வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்கீழ் இழப்பீடு கேட்கும் வழக்கில், குற்ற வழக்கைப் போல ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். அடிபட்டவரும் விபத்துக்கு ஓரளவு காரணம் என்று முடிவானால் அந்த அளவுக்குத் தொகை குறையும். இங்கேதான் ‘நடுவுல பூந்தான், வேகமா வந்தான்’ என்ற இரண்டு சொல்லுக்குப் பண மதிப்பு வருகிறது. ஆனால் உச்ச நீதிமன்றம் இதில் எச்சரிக்கையாகவே இருக்கிறது. 2013இல் கேரளத்திலிருந்து சென்ற ஜிஜு குருவில்லா வழக்கில், விபத்துக்குப் பின் வண்டிகள் கிடந்த நிலையை மட்டும் வைத்து யார் கவனக்குறைவு என்று முடிவுகட்ட முடியாது என்றது. 2020இல் முகமது சித்திக் வழக்கு. மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் சென்றபோது பின்னால் வந்த கார் இடித்து அவர்களில் ஓர் இளைஞர் இறந்தார். மூன்று பேர் சென்றது விதிமீறல் என்று உயர் நீதிமன்றம் இழப்பீட்டில் 10 விழுக்காட்டைக் குறைத்தது. விதியை மீறியது உண்மையே, ஆனால் அந்த மீறலுக்கும் விபத்துக்கும் காரணத் தொடர்பு காட்டப்பட வேண்டாமா என்று கேட்டு உச்ச நீதிமன்றம் அந்தக் குறைப்பை நீக்கியது. படித்தவுடன் எனக்குத் தோன்றியது, இது நம் ஆய்வுக்கூடத்தில் சொல்லும் பேச்சல்லவா என்பதே. இரண்டு நிகழ்ச்சி சேர்ந்து நடந்தால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தக் கேட்டுக்குப் போனேன். டீக்கடையில் அன்று நின்ற இடத்திலேயே நின்றேன். கேட் போட்டது, ஒரு பேருந்து வந்து ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது. மறுபக்கம் ஒரு முழம்கூடத் தெரியவில்லை. அரைமணி நேரம் நின்று பார்த்தேன், தெரியவே இல்லை.

பேருந்தின் வலப்பக்கம் போனேன். அங்கே ஓர் ஆயா கூடையோடு சன்னல் சன்னலாக அவித்த கடலை விற்றுக்கொண்டிருந்தார். பத்து ரூபாய்க்கு வாங்கினேன். பேச்சுக் கொடுத்தேன். விபத்தைப் பற்றிக் கேட்டதும், “அந்தப் புள்ளையா? எங்கிட்டதானே கடலை வாங்குச்சு” என்றார். “பஸ்ஸு பின்சக்கரத்துக்கிட்ட வண்டிய நிறுத்திக்கிட்டு, கால ஊனிக்கிட்டு நின்னுச்சு. பொட்டலத்தக் குடுத்துட்டு, காச வாங்கி முந்தானையில முடியறேன், கேட்டத் தொறந்துட்டான். ரெண்டு நிமிசங்கூட ஆகல, சத்தம் கேட்டுச்சு.” அவர் சொன்ன ‘இரண்டு நிமிடம்’ இரண்டு நிமிடமாக இருக்க முடியாது, சாட்சிகள் காலத்தையும் நீட்டித்தான் சொல்வார்கள். ஆனால் நின்றதும், கடலை வாங்கியதும், கேட் திறந்ததும் அவர் கண் முன்னால், கைக்கெட்டும் தூரத்தில் நடந்தவை. தார்ச்சாலையில் சிதறிக் கிடந்த கடலையை நானும் பார்த்தேனே!

“இதைப் போலீஸ்ல சொன்னீங்களா ஆயா?”

“என்னை யாரு தம்பி கேட்டா? யாரோ காலேஜுப் புள்ள பார்த்ததாம், அது சொல்லிடுச்சுன்னாங்க.”

அந்தக் காலேஜ்ப் பிள்ளை நான்தான் என்று அப்போது சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

பின்சக்கரம் நின்றிருக்கக்கூடிய இடத்திலிருந்து வேன் குறுக்கே நின்ற இடம்வரை அடி வைத்து அளந்தேன். தாராளமாக வைத்தாலும் 15 மீட்டர். நின்ற நிலையிலிருந்து கிளம்பும் வண்டிக்கு, வேகத்தின் வர்க்கம் முடுக்கத்தையும் தூரத்தையும் பெருக்கி இரட்டித்ததற்குச் சமம், முதலாமாண்டிலேயே படித்தது. நூறு சி.சி. மோட்டார் சைக்கிள் ஒன்றின் முடுக்கத்தை வினாடிக்கு வினாடி 2 மீட்டர் என்று கொண்டால், 15 மீட்டரில் அது எட்டக்கூடிய வேகம் மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர். முறுக்கிப் பிடித்து 3 மீட்டர் முடுக்கம் கிடைத்தது என்றே வைத்தாலும் 34. நான் சொன்னது அறுபது எழுபது. நடுவாக 65 என்று வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கமாகக் கணக்கிட்டேன். 15 மீட்டரில் அந்த வேகத்தைப் பிடிக்க வேண்டுமானால் முடுக்கம் 10.9 வர வேண்டும். புவியீர்ப்பு முடுக்கமே 9.8தான். மாடியிலிருந்து விழும் கல்லைவிட விரைவாக அந்தப் பழைய வண்டி கிளம்பியிருந்தால்தான் என் சாட்சியம் உண்மையாகும்.

நோட்டில் இந்த 10.9 என்ற எண்ணை எழுதிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடி வைத்து அளந்ததில் பிழை இருக்கலாம். ஆயா சொன்ன இடமும் சற்று முன்பின் இருக்கலாம். தூரத்தை இரட்டித்து 30 மீட்டர் என்று வைத்தாலும் 65 வராது. அவர் புகுந்தது உண்மை. அதை நான் மறைக்கவில்லை. வேகமாக வந்தார் என்பது மட்டும் என் கற்பனை.

என் பேராசிரியர் ஒருவரிடம் கணக்கைக் காட்டினேன். கணக்குச் சரி என்றார். “இதைக் கோர்ட்டில் கரும்பலகை வைத்து நடத்த முடியாது, நீ என்ன பார்த்தாய், எதைப் பார்க்கவில்லை என்பதை மட்டும் சொல்” என்றார். வழக்கறிஞரைக் கேட்டதில், காவலர் விசாரணையில் எழுதிக்கொண்ட வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்திடுவதில்லை, தீர்ப்பாயத்தில் உறுதிமொழி எடுத்துச் சொல்வதே சாட்சியம், முன்பு சொன்னதற்கு முரணாகச் சொன்னால் குறுக்கு விசாரணையில் குடைவார்கள், அவ்வளவுதான் என்றார். ‘படித்த பையன், பணம் வாங்கிக்கொண்டு மாற்றிப் பேசுகிறான்’ என்றும் சொல்லக்கூடும் என்றார். அதைக் கேட்டு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. என் தந்தையிடம் சொன்னேன். அவர் கணக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “பஸ்ஸு மறைச்சுதுன்னு அன்னைக்கே தோணலியாடா?” என்றார். தோன்றவில்லை என்றேன்.

அடுத்த வாரம் அந்த அண்ணனை அழைத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். ஆயாவிடம் நான் யார் என்பதை முதலில் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சின்னப் புள்ளதானே” என்றார். அண்ணன் அவரிடம் விவரத்தைச் சொல்லி, தேதி போட்டால் நீங்களும் வந்து பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். விபத்தில் அடிபட்டவருக்கு உதவியோரையும் சாட்சிகளையும் தொல்லைப்படுத்தக் கூடாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற நெறிமுறைகளையும், அதை ஒட்டி 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவையும் நான் படித்திருந்ததால், அஞ்ச வேண்டாம் என்று விளக்கினேன். ஆயா அதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

“வரேன். ஆனா அன்னைக்கு இங்க யாவாரம் போயிடுமே, தம்பி?”

அன்று கடலை முழுவதையும் நாங்கள் வாங்கிக்கொள்வதாக அண்ணன் சொன்னார். வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை.